பென்ரியமும் அத்லொனும்: வேகம் பற்றிய ஒரு வரலாற்று ஆராய்ச்சி

ஒரு பொருளின் தகுதியை ஓர் எண்ணால் உரைத்துவிடுதல் எளிது. அவ்வெண் எதனை அளக்கின்றது என வினாவுதலோ அரிது. கணினியின் வரலாற்றிலே இவ்வுண்மையை 1999 முதல் 2006 வரையான காலத்தைப் போலத் தெளிவுறக் காட்டும் காலம் பிறிதொன்றில்லை எனலாம். அக்காலத்து மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவற்றை இரு செயலிக் குலங்களே ஆட்சி செய்தன. ஒன்று இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் 4, மற்றையது ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லொன். விளையாட்டுக்கு எது ஏற்றது, அன்றாட அலுவலுக்கு எது ஏற்றது என்னும் வினாக்கள் கணினி வாங்குவோர் அனைவரையும் எதிர்ப்பட்டன. இவ்விரண்டினையும் ஒப்புநோக்கி, விற்பனைக்கென வழங்கிய ஓர் அளவுகோல் ஆக்குவோரின் அறிவையே எவ்வாறு ஆட்கொண்டது என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்விரு நிறுவனங்களின் தோற்றத்தைச் சுருங்க நோக்குவாம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. கலிபோர்னியாவிலிருந்த பெயர்சைல்ட் குறைகடத்தி நிறுவனத்தை விட்டு வெளியேறிய றொபேட் நொய்சும் கோடன் மூரும் 1968 இல் இன்ரெலை நிறுவினர். அங்கிருந்தே வந்த ஜெரி சாண்டர்சும் அவர்தம் தோழர்களும் 1969 இல் ஏ.எம்.டி.யை நிறுவினர். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை வெளியிட்டபோது இன்ரெலின் 8088 என்னும் செயலியை அதற்குத் தெரிந்தெடுத்தது. ஆயினும், இன்றியமையா உறுப்பொன்றுக்கு ஒருவரையே நம்பியிருத்தல் தகாதெனக் கருதி, அதனை ஆக்கவல்ல இரண்டாமவர் ஒருவரும் வேண்டுமென அது வற்புறுத்திற்று. அதன் பயனாக 1982 இல் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் உடன்படிக்கை செய்துகொண்டன. 1985 இல் வெளிவந்த 80386 செயலியின் அமைப்பைக் கொடுக்க இன்ரெல் மறுத்தமையால் உடன்படிக்கை வழக்காய் முடிந்தது. வழக்கோ 1995 இலேயே இணக்கத்தில் முடிந்தது. இதற்கிடையில், 1991 இல், ஏ.எம்.டி. அச்செயலிக்கு நிகரான ஒன்றைத் தானே ஆக்கி விற்கத் தொடங்கியது. இப்பிணக்கினால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. ஒரே அறிவுறுத்தல் தொகுதியை ஏற்று நடத்துவனவும், உள்ளமைப்பால் வேறுபட்டனவுமான இரு செயலிக் குலங்கள் உலகில் வளர்ந்தன. ஒரே மென்பொருளை இரண்டிலும் இயக்கி நேரங் கணித்தல் இதனாலேயே இயல்வதாயிற்று.

இனி, செயலியின் வேகம் என்பது யாது? செயலிக்குள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு இடையறாது நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்பு ஒரு மெகாஹேட்ஸ். நூறு கோடித் துடிப்பு ஒரு கிகாஹேட்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் செயலி தன் பணியிற் சிறிதளவை முடிக்கின்றது. ஆகவே, ஒரு செக்கனில் முடியும் பணியை அறிய விரும்புவோர் துடிப்புக்களின் எண்ணிக்கையை ஒரு துடிப்பில் முடியும் பணியாற் பெருக்குதல் வேண்டும். துலாவால் நீரிறைப்போர் இருவருள், பட்டை எத்தனை முறை மேலே வந்தது என்பதை மட்டும் எண்ணிவிட்டு, எவருடைய தோட்டம் முன்னர் நனையும் என உரைத்தல் கூடுமோ? பட்டை கொள்ளும் நீரின் அளவையும் அறிதல் வேண்டுமன்றோ? எனினும் கடைகளிலும் விளம்பரங்களிலும் முன்னிறுத்தப்பட்டது துடிப்பின் எண் ஒன்றே. மற்றைய பெருக்கெண்ணைப் பற்றி வாங்குவோருக்கு எடுத்துரைப்பார் அரியராயினர்.

1999 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அத்லொன் வெளிவந்தது. முன்னர் டிஜிற்றல் நிறுவனத்தின் அல்பா செயலியை ஆக்குவதிற் பங்குகொண்ட டேர்க் மேயர் என்பார் இதன் அமைப்பாளர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதுவரை மலிவான மாற்றுப் பொருளையே தருபவர் எனப் பெயர்பெற்றிருந்த ஏ.எம்.டி.யார், இச்செயலியால் இன்ரெலின் பென்ரியம் 3 உடன் நேருக்கு நேர் நின்றனர். 2000 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் திகதி 1000 மெகாஹேட்ஸ் என்னும் எல்லையை அத்லொன் முதலில் எட்டியது. இரு நாள் கழித்து இன்ரெலும் அதனை எட்டியது. போட்டியின் வெம்மையில் இன்ரெல் அவ்வாண்டு நடுப்பகுதியில் வெளியிட்ட 1.13 கிகாஹேட்ஸ் பென்ரியம் 3, நிலைபேறின்றிப் பிழைபட்டமையால் ஓகஸ்ட் மாதத்தில் மீளப்பெறப்பட்டது. எண்ணுக்காக ஓடிய ஓட்டத்தின் முதல் இடறல் இதுவாகும்.

2000 நவம்பர் 20 இல் வந்த பென்ரியம் 4 இவ்வோட்டத்துக்கென்றே சமைக்கப்பட்டதோ என எண்ணத் தோன்றும். ஒரு செயலி ஓர் அறிவுறுத்தலை ஒரே முறையில் முடிப்பதில்லை. பல படிகளாகப் பகுத்து, தொழிற்சாலையிற் பொருள் கைமாறுவது போலப் படிதோறும் கடத்துகின்றது. படிகள் சிறியனவாயின் துடிப்பை விரைவுபடுத்தலாம். அத்லொனில் இப்படிகள் 10; பென்ரியம் 4 இல் 20. ஆதலால் பென்ரியம் 4 தொடக்கத்திலேயே 1.4, 1.5 கிகாஹேட்ஸ் வேகங்களில் வெளிவந்தது. ஆயினும் படிகள் பெருகுவதில் ஓர் இடர் உண்டு. மென்பொருளில் ‘இது நேரின் இதனைச் செய்க, அன்றேல் அதனைச் செய்க’ என்னும் கிளைகள் பலவுள. எந்தக் கிளை வரும் என்பதைச் செயலி முன்னூகித்தே படிகளை நிரப்புகின்றது. ஊகம் பிழைப்பின் படிகளில் நின்றவற்றை எறிந்துவிட்டு மீளத் தொடங்கல் வேண்டும். படிகள் இருமடங்காயின் இழப்பும் ஏறத்தாழ அவ்வளவாகும். இதனாலன்றோ, பழைய மென்பொருள்கள் சிலவற்றை இயக்கியபோது 1.4 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4, 1 கிகாஹேட்ஸ் பென்ரியம் 3 இற்கும் பிந்தி நின்றது!

இவ்விரண்டையும் பணிவகையால் ஒப்பிடுவோமாயின் வேறுபாடு நன்கு புலப்படும். காணொளியைச் சுருக்கிப் பதிதல் போன்ற பணி, ஒரே வகையான கணக்கை நீண்ட தரவு வரிசையொன்றன்மேல் மீட்டும் மீட்டும் செய்வது. அதன் போக்கை முன்னூகித்தல் எளிது. அதற்கெனப் புதிய அறிவுறுத்தல்களையும், செக்கனுக்கு 3.2 கிகாபைற் தரவைக் கடத்தும் அகன்ற வழியையும் பெற்றிருந்த பென்ரியம் 4 அத்தகைய பணிகளிற் சிறந்து விளங்கியது. விளையாட்டோ பெரும்பாலும் எதிர்பாராதவற்றின் களம். ஆடுவோன் எத்திசை திரும்புவான், எதிரி எங்கே தோன்றுவான் என்பன கணந்தோறும் மாறுவன. கிளைகள் மிகுந்த இத்தகைய பணியிலும், பழைய முறைப் பதின்மக் கணக்குகளிலும் அத்லொனின் குறுகிய படிவரிசையும் பெரிய முதனிலைப் பதுக்கு நினைவகமும் பயன்பட்டன. ஆயினும் விளையாட்டு என்பதும் ஒரே தன்மைத்தன்று. 1999 இல் வெளிவந்த குவேக் 3 என்னும் விளையாட்டிலே, தரவு கடத்தும் வலிமையாற் பென்ரியம் 4 முந்தியது. கடிதம் எழுதுதல், கணக்கேடு பேணுதல் முதலான அன்றாட அலுவல்களிலோ இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காண்டல் அரிது. அங்கே செயலியே மனிதரின் விரலுக்காகக் காத்து நிற்கின்றது. அப்பணிக்கு வேகமிக்க செயலியிலும் போதிய நினைவகமே பெரிதும் உதவியது.

அத்லொனிடத்துக் குறையில்லை என்பதன்று. வெப்பந் தணிக்கும் பகுதியை அகற்றியபோது பென்ரியம் 4 தன் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொண்டதையும், அக்காலத்து அத்லொன் புகைந்து அழிந்ததையும் 2001 இல் வெளியான ஒரு பரிசோதனைக் காட்சி உலகுக்குக் காட்டியது. அன்றியும், அளவுகோல் தவறானது என்பதை உணர்ந்த ஏ.எம்.டி.யாரும் அவ்வளவுகோலை முற்றாக உதறினாரல்லர். 2001 ஒக்டோபரில் வெளியிட்ட அத்லொன் எக்ஸ்.பி. செயலிக்கு, 1533 மெகாஹேட்ஸில் இயங்கியதாயினும், ‘1800+’ எனப் பெயரிட்டனர். பழைய அத்லொனோடு ஒப்பிட்டு இட்ட எண் இதுவென அவர் கூறினர். மக்களோ பென்ரியம் 4 இன் 1.8 கிகாஹேட்ஸுக்கு இது நிகர் என்றே கொண்டனர். பொய்யளவை மறுக்கப் புகுந்தோர் மற்றுமோர் எண்ணையே பெட்டியின்மேல் எழுத வேண்டியதாயிற்று.

2002 இல் 2.2 கிகாஹேட்ஸும், இருமடங்கான பதுக்கு நினைவகமும் பெற்று வந்த பென்ரியம் 4 மீண்டும் முன்னணியைக் கைக்கொண்டது. ஆகவே அதன் அமைப்பு முற்றிலும் வீண் என்பார் வரலாற்றை முழுமையாக நோக்காதோரேயாவர். 2003 செப்ரெம்பரில் அத்லொன் 64 வந்தபோது நிலைமை மாறியது. நினைவகத்தை ஆளும் பகுதியைச் செயலிக்குள்ளேயே அமைத்தமையால், வேண்டிய தரவைப் பெறக் காத்திருக்கும் நேரம் குறைந்தது. 2 கிகாஹேட்ஸில் இயங்கிய அத்லொன் 64 3200+, 3.2 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4 உடன் விளையாட்டிற் சரிநிகராகப் பொருதது. 2004 இல் வெளிவந்த டூம் 3, ஹாப்-லைப் 2 ஆகிய விளையாட்டுக்களில் அத்லொன் 64 குலமே முன்னின்றது. அதனோடு வந்த 64 பிற் அறிவுறுத்தல் விரிவை இன்ரெலும் 2004 இல் ஏற்றுக்கொண்டது. மாணாக்கன் ஆசானுக்குப் பாடஞ் சொன்ன கதை இது.

இன்ரெலோ படிகளை மேலும் பெருக்கியது. 2004 பெப்ரவரியில் வந்த பிறெஸ்கொட் என்னும் பென்ரியம் 4 இல் படிகள் 31. 90 நானோமீற்றர் அளவுக்குச் சிறுத்த திரான்சிற்றர்களிலே மின்கசிவு மிகுந்தது. 3.8 கிகாஹேட்ஸை எட்டிய செயலிக்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 115 உவாற்று. 10 கிகாஹேட்ஸ் வரை செல்லும் என எதிர்பார்க்கப்பட்ட அமைப்பு, 4 கிகாஹேட்ஸையும் எட்டாது நின்றது. 2004 ஒக்டோபரில் 4 கிகாஹேட்ஸ் செயலி கைவிடப்பட்டது. அம்மாதத்தில் நடந்த மாநாடொன்றிலே, அந்நாளைய தலைமை அதிகாரி கிரெய்க் பரெற், அதற்காக மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கோரினார். அது பாதி விளையாட்டாயினும், ஓர் அளவுகோலின் வீழ்ச்சியை அறிவித்த செயலாகும்.

மாற்றம் எங்கிருந்து வந்தது? இஸ்ரேலின் ஹைபா நகரிலிருந்த இன்ரெலின் அமைப்பாளர்கள், மடிக்கணினிக்கென மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் செயலியொன்றை 2003 இலேயே ஆக்கியிருந்தனர். அவ்வழி வந்ததே 2006 யூலையில் வெளியான கோர் 2 டுவோ. அதன் படிகள் 14, கருக்கள் இரண்டு. 2.4 கிகாஹேட்ஸும் 65 உவாற்றும் கொண்ட கோர் 2 டுவோ, 3.8 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4 ஐ விளையாட்டிலும் அலுவலிலும் வென்றது. அத்லொனும் முன்னணியை இழந்தது. தன் பகைவர் கொண்ட கொள்கையைத் தானே கைக்கொண்டமையால் இன்ரெல் வென்றதென்க.

வென்றோரும் தோற்றோரும் இதனை என்றும் நினைவில் வைத்திருந்தனரோ எனின், இல்லை. 2013 இல் ஏ.எம்.டி.யார் 5 கிகாஹேட்ஸ் வரை எழும் எப்.எக்ஸ்-9590 என்னும் செயலியை வெளியிட்டனர். 220 உவாற்று வெப்ப அளவு கொண்ட அது, துடிப்புக் குறைந்த இன்ரெல் செயலிகளுக்கு விளையாட்டிற் பிந்தியது. முன்னர் பிறர் விழுந்த குழியில் அவரும் வீழ்ந்தனர். 2017 இல் வந்த றைசன் குலமே அவரை மீட்டது. பின்னர், 2022 இல் அவர் வெளியிட்ட றைசன் 7 5800எக்ஸ்3டி, தன் உடன்பிறப்பான 5800எக்ஸிலும் துடிப்புக் குறைந்தது. ஆயினும் 32 மெகாபைற்றுக்குப் பதிலாக 96 மெகாபைற் மூன்றாநிலைப் பதுக்கு நினைவகம் பெற்றது. விளையாட்டிற் பெரிதும் முந்திய அது, வேறு பணிகள் பலவற்றிற் சற்றுப் பிந்தியது. பணியை விடுத்துச் செயலியை மட்டும் நோக்கி ‘எது சிறந்தது’ என வினாவுதல் பொருளற்றது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

ஆகவே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. விற்பதற்கு எளிதான அளவு நாளடைவில் ஆக்குவோரையும் ஆள்கின்றது. அவ்வளவு பிழையாயின் ஆக்கமும் பிழைபடுகின்றது. இது முதலாவது. அப்பிழையைத் திருத்தியது சட்டமுமன்று, விளம்பரமுமன்று. ஒரே பணியை இரு செயலிகளிடத்தும் கொடுத்து நேரங் கணித்த பொறுமையான சோதனையும், மாற்றுப் பொருளொன்று சந்தையில் இருந்தமையுமே. இது இரண்டாவது. வீட்டுக்கோ கல்லூரிக் கணினிக்கூடத்துக்கோ இன்று கருவி வாங்குவோரும், அதற்கெனப் பொருளுதவும் பழைய மாணவரும், கிகாஹேட்ஸையும் கருக்களின் தொகையையும் கேட்குமுன் ‘இதனால் யாம் செய்யவிருக்கும் பணி யாது?’ எனக் கேட்பாராக. அவ்வினாவுக்கு விடை கிடைத்தபின், பெட்டியின்மேல் எழுதிய எண்கள் தாமே தத்தம் இடத்தில் அடங்கிவிடும்.