ஓல்டு நம்பர் ஒன்: அசல் என்பது எந்த ஆண்டு?

பழைய பந்தயக் காரொன்றை அதன் அசல் நிலைக்கு மீட்டார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிற்காலத்தில் ஏறிய மாற்றங்களைக் களைந்துவிட்டால் உள்ளே ஆதி வடிவம் காத்திருக்கும் என்பது அச்சொல்லில் மறைந்திருக்கும் நம்பிக்கை. இடைச்செருகல்களை நீக்கி மூலபாடம் தேடும் பதிப்பாசிரியரின் நம்பிக்கையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் களைந்தபின் எஞ்சுவதற்கு மூலமே இல்லையென்றால்? 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றம் இக்கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது.

வழக்கின் மையத்தில் நின்றது 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். ஆறரை லிட்டர் என்ஜின் கொண்டது. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929ஆம் ஆண்டு உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும், மறு ஆண்டு பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் இதை ஓட்டி வென்றனர். 1929இல் முதல் நான்கு இடங்களையுமே பென்ட்லி கார்கள் பிடித்தன. பர்னாட்டோ வெறும் ஓட்டுநர் அல்லர். தம் செல்வத்தைக் கொண்டு பென்ட்லி நிறுவனத்தைத் தாங்கிநின்ற அதன் தலைவர். ஆயினும் 1931இல் அந்நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் வசம் போயிற்று.

பந்தய வண்டி காட்சிப்பொருள் அன்று. தேய்ந்தது மாற்றப்படும், வேகம் தராதது கழற்றி எறியப்படும். அவ்வாறே இவ்வண்டியின் உறுப்புகளும் பந்தயத்துக்குப் பந்தயம் மாறின. 1932இல் எட்டு லிட்டர் என்ஜின் பொருத்தி, இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்தில் இறக்கினார்கள். வளைவுகளில் சுவர்போல் சரித்து எழுப்பிய காங்கிரீட் தளம் அது. அதன் மேல்விளிம்பைத் தாண்டி வண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிவந்த கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அவரோடு முறைவைத்து ஓட்டியவர் உடன்பிறந்த ஜாக் டன்ஃபீ.

சிதைந்த வண்டியைப் பர்னாட்டோ கைவிடவில்லை. கூரையிட்ட உடல் அமைத்துச் சாலையில் ஓடும் காராக்கினார். பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்த உரிமையாளர் ஒருவர் பந்தயக் காலத்துத் திறந்த வடிவத்துக்கு அதை மீட்டெடுத்தார். 1990இல் ஒரு கோடி பவுனுக்கு விற்பனை பேசி முடிந்தது. பிறகு வாங்க ஒப்பியவர்கள் பின்வாங்கினர்: லெ மானில் வென்ற வண்டி இதுவன்று என்பது அவர்கள் வாதம்.

நீதிபதி ஓட்டன் வண்டியை உறுப்பு உறுப்பாகக் கணக்கெடுத்தார். 1929ஆம் ஆண்டு வண்டியிலிருந்து, காலம் கணிக்க இயலாத சில்லறைப் பொருத்துகளைத் தவிர, எதுவும் எஞ்சவில்லை. 1930க்கு உரியவை கியர் பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு, பெடல் தண்டு என்னும் அளவே. சேஸிஸ், முன் அச்சு, எட்டு லிட்டர் என்ஜின் முதலிய பெரும் உறுப்புகள் 1932க்கு உரியவை.

இக்கணக்கின்படி வாங்குவோர் கட்சியன்றோ வென்றிருக்க வேண்டும்? தீர்ப்பு அவ்வாறு அமையவில்லை. இதை 'மூல வண்டி' என்று அழைக்க இயலாது என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆயினும் இது போலியும் அன்று. புதிய உறுப்புகள் சிறுகச் சிறுகச் சேர்ந்து முழுமையோடு கலந்தவை. எக்கட்டத்திலும் வண்டி தன் அடையாளத்தை இழக்கவில்லை. ஆகவே 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெயருக்கு இதுவே உரியது என்றார். இரும்பின் வயதைக் காட்டிலும் அறுபடாத வரலாற்றுக்கே அவர் எடை தந்தார்.

நம்மை உறுத்துவது வேறொன்று. ஒரு கோடி பவுன் பேசப்பட்டது 1929, 1930 ஆண்டுகளின் வெற்றிக்காக. அவ்வெற்றியைக் கண்ட இரும்போ ஏறத்தாழ இல்லை. மெய்யாக எஞ்சியிருப்பது 1932இன் இரும்பு. ஓர் இளைஞர் மடிந்த ஆண்டின் இரும்பு. அசல் நிலைக்கு மீட்கிறோம் என்று சொல்லும்போதெல்லாம் ஓர் ஆண்டைத் தேர்ந்து மற்ற ஆண்டுகளை அழிக்கிறோம். பெரும்பாலும் நாம் தேர்வது வெற்றியின் ஆண்டை. இவ்வண்டியின் அச்சும் என்ஜினும் அந்தத் தேர்வுக்கு உடன்படவில்லை.