டோக்கன் வாங்காத பாக்கெட்

சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயில்பாதை ஒற்றைத் தடமாகப் போடப்பட்டது. அத்தகைய தடங்களில் அந்தக் காலத்தில் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்த மாட்டார். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ‘லாக்’ (பூட்டு) செய்வதும் இதையே. ஒரு செயலி படித்துக்கொண்டிருக்கும் நினைவக இடத்தில் இன்னொன்று முறையில்லாமல் எழுதினால் அது டேட்டா ரேஸ். பூட்டுப் போட்டால் தீரும் என்பது பாடப்புத்தக விடை. நெட்வொர்க் நிரலுக்கு அந்த விடை போதாது என்பதற்கான சான்று, ஓசூருக்கு 40 கிலோமீட்டர் அப்பால் பெங்களூரில் கிடைக்கிறது.

கணினியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தரவு பாக்கெட்டுக்கும் கெர்னல் வழி தேடியாக வேண்டும். தேடல்கள் கணக்கில் அடங்காது, வழி மாறுவதோ எப்போதாவது. படிக்க வருபவர்களுக்கென்று தனிப் பூட்டு வைக்கலாமே என்று கேட்கலாம். அந்தப் பூட்டும் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி வைக்கிறது. அந்த எண்ணை மாற்றுவதும் எழுதுவதுதானே! செயலிகள் பெருகப் பெருக அந்த ஓர் எண் ஒரு செயலியின் கேஷிலிருந்து இன்னொன்றின் கேஷுக்கு அலைவதிலேயே நேரம் போகும். சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் வேறு வழி கண்டார்கள்: படிப்பவர் பூட்டைத் தொடுவதே இல்லை, எழுதுபவர் புதுப் பிரதி செய்து சுட்டியை மாற்றிவிட்டு, பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் வெளியேறும் வரை காத்திருந்து அழிக்கிறார். இதுதான் ஆர்.சி.யு. (ரீட்-காப்பி-அப்டேட்). சீக்வென்டை 1999இல் ஐ.பி.எம். வாங்கியது. பெங்களூர் ஐ.பி.எம்.மின் தீபாங்கர் சர்மா லினக்ஸுக்காக எழுதிய வடிவம் 2002 அக்டோபரில் கெர்னலின் 2.5.43 பதிப்பில் சேர்ந்தது. அதை முதலில் பயன்படுத்தியவற்றுள், தேடிக் கண்ட வழிகளை நினைவில் வைக்கும் ஐபிவி4 ரூட் கேஷும் ஒன்று.

பூட்டில்லாமல் படிக்கவிடுவது நோயையே மருந்தாக்குவதல்லவா? இல்லை. படிப்பவருக்குப் பழைய வழி கிடைக்கலாம், புதியது கிடைக்கலாம். பாதி எழுதியது கிடைக்காது. கணநேரம் பழைய வழியில் போவதை நெட்வொர்க் எப்படியும் தாங்கியாக வேண்டும். வங்கி இருப்புக் கணக்கில் இந்தச் சலுகை செல்லாது.

2020இல் லினக்ஸ் 5.8 பதிப்போடு கே.சி.சான் என்ற ரேஸ் கண்டறியும் கருவி வந்தது. அது காட்டிய இடங்கள் பலவற்றில் திருத்தம் ஒரு சொல்தான்: ரீட்_ஒன்ஸ். கருவியின் வாயை அடைக்கும் வேலை என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் அந்தச் சொல் இல்லாவிட்டால் கம்பைலர் ஒரே மதிப்பை இருமுறை படிக்கலாம். சோதித்த மதிப்பு ஒன்று, பயன்படுத்தியது வேறொன்று ஆகிவிடும். யார் படிக்கிறார், யார் எழுதுகிறார், எவ்வளவு பழையது பரவாயில்லை என்பதை முடிவுசெய்யாமல் போடும் பூட்டைவிட, முடிவுசெய்து எழுதும் ஒரு சொல் மேல்.

ரூட் கேஷ் 2012இல், 3.6 பதிப்பில் நீக்கப்பட்டது. இப்போதைய வழித்தேடலும் ஆர்.சி.யு.வில்தான் ஓடுகிறது.