பாக்குநீரிணையும் உயிர்காப்பு விதிகளும்
மாத்தளைக் குடியேற்ற வரலாற்றில் ஒரு நோக்கு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் வீதி, தேயிலைத் தோட்டங்களையும் ஏலக்காய் விளையும் நிழற்காடுகளையும் கடந்து மூடுபனிக்குள் நுழைகின்றது. அங்கு நிற்பவனுக்குக் கடல் நினைவுக்கு வருதல் அரிது. அடிவாரத்துத் தெல்கமு ஓயா மாத்திரமே களுகங்கை, அம்பன்கங்கை ஆகியவற்றின் வழியாக மகாவலியோடு கலந்து கொட்டியாரக்குடாவைச் சென்றடைகின்றது. ஆயினும் இம்மலைச்சாரலில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் வரலாறு கடலிலேயே தொடங்குகின்றது. கப்பல்களின் உயிர்காப்புச் சாதனங்கள் பற்றிய விதிகளை மாத்தளையின் வரலாற்றோடு சேர்த்து நோக்கப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். அவ்விரண்டும் சந்திக்கும் இடம் பாக்குநீரிணையாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் சிறு பாய்த்தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தனர். அதன்பின் வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து, நூறு மைலுக்கு மேற்பட்ட வடபாதையைக் கால்நடையாகவே நடந்து மாத்தளை வந்தனர். அப்பாதையில் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோரைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கடலில் மாண்டோரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. நிலத்தில் எலும்பேனும் எஞ்சுகின்றது என்பது அதற்கு ஒரு காரணமாகலாம்.

1864ஆம் ஆண்டிலே தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இலங்கை நோக்கி வந்த ஆதிலெட்சுமி என்னும் கப்பல் அமிழ்ந்து 120 பேர் உயிரிழந்தனர் என மலையக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. அக்காலத்தில் கப்பலில் மீட்புப்படகு இருத்தல் வேண்டுமென்று சட்டம் இருக்கவில்லையா?

இருந்தது. பிரித்தானியரின் 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் கப்பலின் டன் அளவுக்கேற்ப இத்தனை படகுகள் வேண்டுமென விதித்திருந்தது. அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்வோரை ஏற்றும் கப்பல்களுக்கு 1855ஆம் ஆண்டுப் பயணிகள் சட்டம் மேலும் பல கட்டுப்பாடுகளை விதித்தது. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்களுக்கும் இடவசதி, மருத்துவர் முதலியன குறித்த விதிகள் இருந்தன. ஆனால், இந்திய அரசின் 1847ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக்கான குடிபெயர்வை அக்கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கிவிட்டது. இலங்கை அண்மையிலுள்ளது, பயணம் குறுகியது என்பன அதற்குரிய நியாயங்களாகக் கருதப்பட்டன. தோட்டத்துரைமாருக்கு ஆள் மலிவாகவும் விரைவாகவும் வந்துசேர இவ்விலக்கு உதவிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. கரைக்கு அருகில் மூழ்குபவன் நடுக்கடலில் மூழ்குபவனிலும் குறைவாக மூழ்குவதில்லை.

உயிர்காப்பு விதிகளின் வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. நெடுங்காலமாக அவை மனிதரை எண்ணவில்லை, கப்பலையே அளந்தன. 1888ஆம் ஆண்டு உயிர்காப்புச் சாதனங்களுக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. அதன்வழி வந்த விதிகள் கப்பல்களை வகுப்புகளாகப் பிரித்து டன் அளவின்படி படகுகளை நிருணயித்தன. அவ்வட்டவணை 10,000 டன்னுடன் நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட எக்கப்பலுக்கும் 16 படகுகள் போதுமானவை. 46,000 டன்னுக்கு மேற்பட்ட டைற்றானிக் கப்பல் 1912இல் விதிக்கு மேலாகவே 20 படகுகளைக் கொண்டிருந்தது. அவற்றில் 1,178 பேருக்கே இடமிருந்தது. கப்பலில் இருந்தோரோ ஏறக்குறைய 2,200 பேர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். சட்டம் மீறப்படவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் கொடுமை.

அதன் விளைவாக 1914 சனவரியில் இலண்டனில் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது அனைத்துலக உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இடமிருத்தல் வேண்டும் என்ற நியதி அங்கு வேரூன்றியது. போர் குறுக்கிட, 1929, 1948, 1960, 1974 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் அதனை வளர்த்தெடுத்தன. இன்று பயணிகள் கப்பலுக்கு ஒருவிதம், சரக்குக் கப்பலுக்கு ஒருவிதம், எண்ணெய்க் கப்பலுக்கு இன்னொரு விதமாகச் சாதனங்கள் வகுக்கப்பட்டுள்ளன. புதிய சரக்குக் கப்பலிற் பக்கவாட்டுப் படகுகளை வைப்பின், ஒவ்வொரு பக்கத்திலும் எல்லா மாலுமிகளுக்கும் போதிய படகுகள் இருத்தல் வேண்டும். ஏனெனில் சாய்ந்த கப்பலின் ஒரு பக்கத்துப் படகுகள் பயன்படாமற் போகலாம். எண்ணெய்க் கப்பலின் படகு தீச்சுவாலைக்கிடையேயும் செல்லத்தக்கதாக மூடப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆனால் ஆசியாவின் ஏழைப் பயணிகளுக்கு இந்நியதி தளர்த்தியே அளிக்கப்பட்டது. மேற்றளத்தில் படுத்தும் இருந்தும் செல்லும் யாத்திரிகர் போன்றோரை ஏற்றும் கப்பல்களுக்கு 1929ஆம் ஆண்டு உடன்படிக்கையே சலுகைக்கு வழிவைத்தது. அதனையொட்டி 1931இல் சிம்லா விதிகள் எழுந்தன. முழு விதியும் பின்பற்றப்படின் ஏழைகள் செலுத்தக்கூடிய கட்டணத்தில் கப்பலே ஓடாது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் அதற்கான விலையைச் செலுத்தியோர் கப்பல் முதலாளிகள் அல்லர்.

மாத்தளைக்கு வருவோம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த நீராவிக்கப்பற் சேவை தொடங்கியபோது, இந்நீரிணையைக் கடப்போர் ஒழுங்கான பயணிகள் கப்பலில் ஏறினர். வடபாதை நடை அதற்கு முன்னரே நின்றுபோயிருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் சேவை இராமேஸ்வரத்துக்கு மாறிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென அது கூறியது. 1984இல் கப்பற்சேவை நிற்கும்வரை, மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து பெட்டி படுக்கைகளோடு தலைமன்னாருக்கு வந்த குடும்பங்கள் இராமானுஜம் என்னும் கப்பலில் அக்கரை சேர்ந்தன. பாட்டன் தோணியில் கடந்த நீரிணையைப் பேரன் அரசாங்கச் சான்றிதழ் பெற்ற கப்பலில் மறுதிசையாகக் கடந்தான். அவன் பெயர் பயணிகள் பட்டியலில் இருந்தது. பாட்டனின் தோணியில் எத்தனை பேர் ஏறினர் என்று எண்ணியவர் கங்காணியே.

1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதல் அத்தியாயம் அது எக்கப்பல்களுக்குப் பொருந்தாது என்று கூறுகின்றது. போர்க்கப்பல்களும் 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களும் மீன்பிடிக் கலங்களும் அவற்றுட் சில. இயந்திரத்தால் இயங்காதனவும் பழைய முறையிற் கட்டப்பட்ட மரக்கலங்களும் அப்பட்டியலில் இன்றும் உள்ளன.