தண்டனை முடிந்த பிறகு

2003 ஜூன் 30. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சிறையில் ராபர்ட் ஃபார்டன் என்ற கைதியின் 14 ஆண்டுத் தண்டனை அன்றோடு முடிவதாக இருந்தது. பாலியல் வன்முறைக்காக 1989இல் விதிக்கப்பட்ட தண்டனை அது. அதற்கு முன்பும் அதே வகைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர். பரோலில் வெளியே வந்து மூன்று வாரம் ஆவதற்குள் ஒரு பெண்ணைத் தாக்கியவர். ஆனால் தண்டனையை முழுதாகக் கழித்துவிட்டவரை மேலும் பிடித்து வைக்க அந்த மாநிலத்தில் வழி இருக்கவில்லை. அவர் விடுதலையாக வேண்டிய அதே மாதம் 6ஆம் தேதி, அபாயகரமான பாலியல் குற்றக் கைதிகளுக்கான தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

தண்டனை முடிந்தவரைத் தொடர்ந்து அடைத்து வைக்கும் இந்த எண்ணம் அவசரத்தில் முளைத்ததல்ல. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் 1994இலேயே இதை முயன்று பார்த்திருந்தது. மனைவியைக் கொன்று சிறை சென்ற கிரிகரி கேபிள், உள்ளேயிருந்து மிரட்டல் கடிதங்கள் எழுதினார். அவர் ஒருவரை மட்டும் அடைத்து வைப்பதற்கென்றே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1996இல் ஹைகோர்ட் அது செல்லாது என்றது. (ஆஸ்திரேலியாவில் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஹைகோர்ட் என்று பெயர், மாநிலத்தின் தலைமை நீதிமன்றம்தான் சுப்ரீம் கோர்ட்.) அரசு முன்கூட்டியே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தும் வேலையை நீதிபதியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

குயின்ஸ்லாந்து அந்தத் தோல்வியைக் கவனமாகப் படித்திருந்தது. புதிய சட்டத்தில் யார் பெயரும் இல்லை. தண்டனையின் கடைசி 6 மாதத்தில் அட்டர்னி ஜெனரல் மனு போட வேண்டும். நீதிமன்றம் பணித்தால் மனநல மருத்துவர்கள் இருவர் தனித்தனியே கைதியைப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். வெளியே விட்டால் கடுமையான பாலியல் குற்றம் செய்யும் ஆபத்து ஏற்க முடியாத அளவு இருக்கிறது என்பதை அரசு வலுவான சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். அதன் பிறகும் முடிவு நீதிபதியின் கையில்தான்: தொடர்ந்து சிறை, நிபந்தனைகளோடு வெளியே, அல்லது எந்த ஆணையும் இல்லை.

இந்த நடு வழிதான் கண்காணிப்பு ஆணை. விடுதலையானவர் அதிகாரியிடம் குறித்த நாளில் ஆஜராக வேண்டும். வீடோ வேலையோ மாறினால் சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் மாநில எல்லை தாண்டக் கூடாது. ஊரடங்கு நேரமும் மின்னணுக் கண்காணிப்புக் கருவியும் பிற்பாடு சேர்ந்தன. நிபந்தனையை மீறினால் மறுபடி நீதிமன்றப் படியேற வேண்டும்.

2004 அக்டோபரில் ஹைகோர்ட்டின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் இந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். இது தண்டனை அல்ல, பொதுமக்களுக்கான பாதுகாப்பு என்பது அவர்கள் கருத்து. மைக்கேல் கிர்பி மட்டும் மறுத்தார். செய்த குற்றத்துக்கு அல்லாமல், இனி செய்யக்கூடும் என்ற கணிப்புக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது அவருக்கு ஒப்பவில்லை. கிர்பியின் கலக்கத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. வரப்போவதை எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் சீரழிக்கப்பட்ட பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால், தண்டனைக் காலம் முடிந்தது என்பதற்காகவே கதவைத் திறந்துவிட்டுக் கைகழுவவும் முடியாது. ஆகவே சிறைவாசத்தை நீட்டிப்பதைவிடக் கண்காணிப்பையே நம்புகிறேன். அது அந்தப் பெண்ணையும் காக்கிறது, விடுதலையானவர் மனிதராக வாழவும் இடம் விடுகிறது.

2005இல் விக்டோரியாவும், 2006இல் நியூ சவுத் வேல்ஸும் மேற்கு ஆஸ்திரேலியாவும் இதே திசையில் சட்டம் இயற்றின. 2010இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, தண்டனை முடிந்த பிறகும் குயின்ஸ்லாந்து சட்டத்தின்படி ஃபார்டனைச் சிறையில் வைத்திருந்தது உரிமை மீறல் என்றது.

குயின்ஸ்லாந்து அரசோ 2013இல் நேர் எதிர்த் திசையில் போனது. நீதிமன்றம் விடுவித்தாலும் பொதுநலன் கருதி அரசே ஒருவரைத் தொடர்ந்து அடைத்து வைக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், கேபிள் வழக்கின் அதே கோட்பாட்டைக் காட்டி, அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஃபார்டன் கண்காணிப்பு ஆணையின்கீழ் வெளியே வந்தார்.