நவிரமலை உணர்த்தும் நெறி

திருவண்ணாமலையை அறியாத சைவர் இலர். அம்மாவட்டத்திலேயே, போளூருக்கும் செங்கத்துக்கும் இடையே ஓங்கி நிற்கும் பருவதமலையை அறிந்தோரோ அத்துணைப் பலர் அல்லர். அதன் உச்சியில் மல்லிகார்ச்சுனர் பிரமராம்பிகையோடு எழுந்தருளியுள்ளார். ஸ்ரீசைலத்து அம்மையப்பர் திருப்பெயர்களும் இவையே.

இம்மலையின் தொன்மையை அறிய, பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாத்தை நாம் நாடுதல் வேண்டும். 583 அடிகளை உடைய அந்நூல், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடியது. அவனது நவிரமலையில் நஞ்சை உணவாகக் கொண்ட கடவுள் உறைவதாக அது கூறுகின்றது. செங்கண்மா இன்றைய செங்கம். நவிரம் பருவதமலையே என்பர் அறிஞர். நஞ்சுண்ட நாதன் அச்சிகரத்தில் சங்க காலத்திலேயே வழிபடப்பெற்றான் என்பது நமக்குப் பெருமிதம் தருவதன்றோ! உ.வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தமையால் அச்செய்தி நம் கைக்கு எட்டியது.

அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்ப்படும் கூத்தனுக்கு மலைவழியை விரித்துரைக்கின்றான். பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு. பாம்பு உறையும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும். பாசி படர்ந்த இடத்தில் வழுக்கும், அங்கே சிறுமூங்கிலையும் கோரையையும் பற்றிச் செல்க. இருள் சூழ்ந்தால் நடவாது குகையில் தங்குக என்கின்றான். தான் பெற்ற பேற்றைப் பிறரும் பெறுக என்னும் அருளுள்ளமே அவ்வுரைக்கு மூலம்.

இன்று பருவதமலை ஏறுவோர், செங்குத்துப் பாறையில் அறைந்த கடப்பாறைகளையும் இரும்புச் சங்கிலிகளையும் பற்றி ஏறுகின்றனர். கால் வழுவினால் உயிர்க்கே இடர். முன்னே ஏறினோர் பின்னே வருவோர்க்காகப் பொருத்தி வைத்தவை அவை. அன்று கூத்தன் சொல்லால் செய்த தொண்டை, அடியார் இரும்பால் செய்தனர். நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை பதினோராம் திருமுறையுள் வைத்துப் போற்றப்பெறுவதும் இதுபற்றியே: இறைவனை அடைந்தவன் பிறர்க்கு வழிகாட்டல் கடன்.

ஆகவே, மெய்யன்பர்களே, மலையேறுவோம். ஏறுங்கால் நம்மின் முதியோர்க்குக் கைகொடுப்போம். புதியோர்க்கு வழி சொல்வோம். வழியைத் தூய்மையாக விட்டு வருவோம். சிகரத்தைக் கண்டு திரும்புதல் மட்டும் யாத்திரை ஆகாது. பின்வருவோர்க்கு ஆற்றுப்படையாய் நிற்றலே அதன் நிறைவு.

திருச்சிற்றம்பலம்.