கடலடிச் சேறும் வருஷக் கணக்கும்

ஊர் சக்குபள்ளம், குமுளி பக்கம். இப்போது குப்பை கொட்டுவது ஆஸ்லோவில். ஆடி மழையில் ஏலத்தோட்டத்து மண் கரைந்து ஓடை செங்காவியாக ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வட துருவத்துப் பக்கம் ஒரு கடலே கோடையில் இப்படி நிறம் மாறுகிறது என்று படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

அது ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன், 79 டிகிரி வடக்கு. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தால் அதுதான் ஃபியோர்டு. நமக்கும் இந்த இடத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1920 பிப்ரவரி 9-ல் பாரிஸில் கையெழுத்தான ஸ்பிட்ஸ்பெர்கன் ஒப்பந்தத்தில் இந்தியா பேரும் இருக்கிறது. வெள்ளைக்காரன் நமக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்துதான் :-) அதற்கப்புறம் ரொம்ப காலம் அந்தப் பக்கம் நாம் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. கரையிலிருக்கும் நி-ஓலெசுண்ட் அப்போது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல் விபத்தில் 21 பேர் செத்தார்கள், மறுவருஷம் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு மெல்ல ஆராய்ச்சி ஊரானது. 2007 ஆகஸ்டில் ரசிக் ரவீந்திரா தலைமையில் நம்மாட்கள் போனார்கள். 2008 ஜூலை 1-ல் ஹிமாத்ரி நிலையம் திறந்தார்கள். முதல் பயணத்திலேயே கையிலெடுத்த வேலைகளில் ஒன்று நுண்ணுயிர் ஆராய்ச்சி.

கடலடிச் சேற்றில் அதுகளுக்கு என்ன வேலை? மேலிருந்து விழும் செத்த பாசியைத் தின்று சிதைப்பது. சேற்றில் ஆக்சிஜன் மேலாக்கத்தோடு தீர்ந்துவிடும். கீழே இருப்பவை கடல்நீரின் சல்பேட்டை வைத்துக் காலம் தள்ளுகின்றன. அடியில் தண்ணீர் வருஷம் முழுக்கச் சில்லென்றுதான் இருக்கும். எனவே அங்கே பருவத்தைச் சொல்வது சாப்பாடுதான். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் வந்ததும் மேலே பாசி பொங்கும், கீழே விருந்து. ஜூன் தாண்டினால் பனியாறு உருகிச் செம்மண் வண்டலைக் கொட்டும். வெளிச்சம் உள்ளே இறங்காது, பாசி குறையும், விருந்தில் மண் விழும். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியனே கிடையாது. மிச்சம் மீதியை வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் கோடையில்தான் போனார்கள். ஆடி மாதம் மட்டும் வந்து பார்த்துவிட்டு ஏலத்தோட்டத்தின் வருஷக் கணக்கை எழுத முடியுமா? அதனால்தான் 2014 ஜூலையில் அங்கே இறக்கிய இண்டார்க் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் கூட்டாளி நிறுவனங்களும் சேர்ந்து 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்ட கருவித் தொகுப்பு அது. ஆளில்லாத இருட்டிலும் வெப்பம், உப்பு, நீரோட்டம் என்று குறித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் அது அளந்தது தண்ணீரை. சேற்றை யாராவது போய் அள்ளித்தான் ஆகணும். குளிர்காலத்துக்கென்று இந்தியா முதல் குழுவை அனுப்பியது 2023 டிசம்பரில், ஹிமாத்ரி திறந்து 15 வருஷம் கழித்து.