பழைய போர்டு காரின் தீப்பொறி

அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உருவான போர்டு 'மாடல் டி' காருக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் மரப்பெட்டிக்குள் ஒரு காயில். அதன் மேலுள்ள பாயிண்டுகள் வண்டுபோல் ரீங்கரித்துத் துடிக்க, பிளக்கில் பொறி பறக்கும்.

பொறிக்கு நேரம் குறிப்பது டைமர். அதன் உருளை தேய்ந்தால் நேரம் தவறும். கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலமல்லவா? பொறி முந்தினால் கைப்பிடி திருப்பி அடிக்கும். கை முறிந்தவர்கள் பலர்.

கருகிய பாயிண்டை அரத்தால் சமன் செய்யலாம். தொல்லை தருவது காயிலுக்குள் தாரில் புதைந்த காகிதக் கண்டென்சர்தான். அது கெட்டால் பாயிண்டு மறுபடியும் கருகும். இன்று பழங்கார் பழுதுபார்ப்போர் தாரைச் சுரண்டி, அதை மட்டும் மாற்றுகிறார்கள். கெடாத கம்பிச் சுருளைத் தொடுவதில்லை. நல்ல வழக்கம் அது. பிறகு மீட்டரில் 1.3 ஆம்பியர் காட்டும்வரை, துடிக்கும் தகட்டின் இறுக்கத்தைத் திருத்துவார்கள்.